ஸ்கிரிப்டை அடைத்துவிட்டால் திருடன் வரமாட்டானா?

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கும் நமது நண்பர் ஒருவர், பீனியா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். எதிலும் ஜாக்கிரதையானவர். ரயிலில் படுத்தால் செருப்பைக்கூடத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளும் ரகம்.

அடுத்த வீட்டில் என்ஜினீயரிங் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். "அண்ணாச்சி, இன்டர்நெட்டில் நடக்கிற திருட்டுக்கெல்லாம் வழி இந்த ஜாவாஸ்கிரிப்ட்தான். அதை நிறுத்திவிட்டால் எவனும் உங்கள் போனைத் தொட முடியாது" என்று அவன் ஒரு நாள் சொன்னான். நண்பர் அன்றைக்கே நிறுத்திவிட்டார்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகத் தட்கல் டிக்கெட் எடுக்கவேண்டும். காலை 11 மணிக்குப் போனைத் திறந்தால் டிக்கெட் பதிவுப் பக்கம் வரவே இல்லை. வெறும் வெள்ளைத் திரை. காரணம் புரிந்து சரிசெய்வதற்குள் டிக்கெட் தீர்ந்துபோயிற்று. இரண்டு பங்கு பணம் கொடுத்துத் தனியார் பஸ்ஸில் இடம் பிடித்தார். பஸ் டிக்கெட் கைக்கு வந்ததும் ஸ்கிரிப்டை மறுபடியும் நிறுத்திவிட்டார்.

ஊரிலிருந்து திரும்பிய பிறகு அவருடைய வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "தங்கள் ஸ்கூட்டருக்குப் போக்குவரத்து அபராதம்" என்றது செய்தி. கூடவே 'ஏ.பி.கே.' என்று முடியும் ஒரு கோப்பு. அதைத் திறந்தார். அது கேட்ட அனுமதிகளை எல்லாம் கொடுத்தார். மறுநாள் பார்த்தால், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வங்கியில் வைத்திருந்த 23 ஆயிரம் ரூபாயைக் காணோம்.

போனில் ஸ்கிரிப்ட் அப்போதும் நிறுத்தப்பட்டுத்தான் இருந்தது!

அப்படியானால் அந்தப் பையன் சொன்னது பொய்யா? பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை. அந்தப் பாதி எது என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

ஸ்கிரிப்ட் என்பது என்ன?

இன்டர்நெட்டில் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது எழுத்தும் படமும் மட்டும் வருவதில்லை. "இதைத் தொட்டால் அதைக் காட்டு, இந்தக் கட்டத்தில் எழுதியதைச் சரிபார்" என்பது போன்ற கட்டளைகளும் சேர்ந்து வருகின்றன. இந்தக் கட்டளைகளுக்குத்தான் ஸ்கிரிப்ட் என்று பெயர். இவை எழுதப்படும் மொழி ஜாவாஸ்கிரிப்ட். 1995-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த பிரெண்டன் ஐக் என்பவர், பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். இன்று அநேகமாக எல்லா இணையதளங்களும் இதைக் கொண்டே இயங்குகின்றன.

கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கட்டளைகள் நிறைவேறுவது நம்முடைய போனுக்குள்.

கல்யாணத்துக்குச் சமையல் காண்டிராக்டர் ஒருவரைப் பேசுகிறோம். அவரை நமக்குத் தெரியும். அவர் கூட்டி வருகிற பத்துப் பேரைத் தெரியாது. ஆனால் அவர்களும் நம் வீட்டுக்குள் நடமாடுவார்கள். இணையதளமும் அப்படியே. செய்தி படிக்கலாம் என்று ஒரு தளத்துக்குப் போகிறோம். அந்தத் தளத்தின் ஸ்கிரிப்டோடு விளம்பரக் கம்பெனியின் ஸ்கிரிப்ட், வந்தவர்களை எண்ணும் கம்பெனியின் ஸ்கிரிப்ட் என்று நமக்கு முகம் தெரியாத பலவும் உள்ளே வருகின்றன. இவற்றில் ஒன்று கெட்டதாக இருந்தால்?

பயம் வீண் அல்ல

இருந்திருக்கிறது. ஒரு தடவை அல்ல, பல தடவை.

2005-ம் ஆண்டு அக்டோபரில் மைஸ்பேஸ் என்ற தளத்தில் சாமி காம்கர் என்ற அமெரிக்க இளைஞர் தமது பக்கத்தில் ஒரு ஸ்கிரிப்டை வைத்தார். அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களின் பக்கங்களிலும் அது தொற்றிக்கொண்டது. ஒரே நாளுக்குள் பத்து லட்சம் பேருக்கு மேல் பரவிவிட்டது. அவர் விளையாட்டாகச் செய்ததால் பார்த்தவர்களின் பணம் எதுவும் திருடப்படவில்லை.

2016-ம் ஆண்டு மார்ச் மாதம் நடந்தது விளையாட்டல்ல. நியூயார்க் டைம்ஸ், பி.பி.சி. போன்ற பெரிய தளங்களில் காட்டப்பட்ட விளம்பரங்களுக்குள் திருடர்கள் விஷத்தைக் கலந்துவிட்டார்கள். பழைய மென்பொருள் உள்ள கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் திறந்தாலே போதும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ் இறங்கிவிடும்.

2017 செப்டம்பரில் காயின்ஹைவ் என்ற ஸ்கிரிப்ட் வந்தது. பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் கம்ப்யூட்டரைக் கொண்டே டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கும் ஏற்பாடு இது. தள உரிமையாளருக்கே தெரியாமல் பல தளங்களில் இதை நுழைத்தார்கள். கம்ப்யூட்டர் சூடாகும்; மின்சாரச் செலவு நமக்கு, லாபம் வேறொருவருக்கு. 2019 மார்ச்சில்தான் இது மூடப்பட்டது.

2024 ஜூனில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் உபயோகித்துவந்த 'பாலிபில்' என்ற பொதுவான ஸ்கிரிப்ட் கைமாறிக் கெட்டுப்போனது வெளிவந்தது. போனில் பார்த்தவர்களை அது சூதாட்டத் தளங்களுக்குத் திருப்பிவிட்டது.

இம்மாதிரி ஆபத்துகளுக்காகவே 2005-ம் ஆண்டில் ஜார்ஜியோ மாவோனே என்ற இத்தாலியர், பயர்பாக்ஸ் பிரவுசருக்கு 'நோஸ்கிரிப்ட்' என்ற இணைப்பை எழுதினார். எல்லா ஸ்கிரிப்டையும் அடைத்துவை. நம்பியவர்களுக்கு மட்டும் திற என்பதுதான் அதன் விதி. மேலே சொன்ன விளம்பர விஷம், நாணய ஸ்கிரிப்ட், பாலிபில் ஆகியவற்றை இது பெரும்பாலும் தடுத்திருக்கும். பையன் சொன்னதில் உண்மையான பாதி இதுதான்.

பணம் இருக்கும் இடத்தில்?

இனி மறுபாதியைப் பார்க்கலாம்.

2018-ம் ஆண்டு ஆகஸ்டு 21 முதல் செப்டம்பர் 5 வரை, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானக் கம்பெனியின் தளத்தில் டிக்கெட் வாங்கியவர்களின் வங்கி அட்டை விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் அதற்காகச் சேர்த்தது வெறும் 22 வரிகள். அவற்றை அந்தக் கம்பெனியின் சொந்த ஸ்கிரிப்ட் ஒன்றுக்குள்ளேயே நுழைத்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2020 அக்டோபரில் அந்தக் கம்பெனிக்கு 2 கோடி பவுன் அபராதம் விதித்தது.

அன்றைக்கு டிக்கெட் வாங்கிய ஒருவர் நோஸ்கிரிப்ட் வைத்திருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். என்ன நடந்திருக்கும்? டிக்கெட் வாங்கவேண்டுமானால் அந்தத் தளத்தின் ஸ்கிரிப்டை அவர் அனுமதித்தே ஆகவேண்டும். அனுமதித்தால் அந்த 22 வரிகளும் சேர்ந்தே உள்ளே வரும்.

வங்கி, ரயில் டிக்கெட், பி.எப். பாஸ்புக், மின்சாரக் கட்டணம் எதுவானாலும், நம் பணம் புழங்கும் இடத்தில் எல்லாம் பூட்டை நம் கையாலேயே திறந்தாகவேண்டும். திறக்காவிட்டால் காரியம் நடக்காது. பூட்டு நமக்கு உதவுவது, அதிகம் இழப்பதற்கு இல்லாத இடங்களில்தான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. புதிய தளம் ஒன்றைத் திறந்தால் பத்துப் பெயர்கள் வரிசையாக நிற்கும். இவற்றில் எது பணம் கட்ட அவசியம், எது வெறும் விளம்பரம் என்று ஷிப்டு முடிந்து களைத்து வந்த மனிதர் எப்படிக் கண்டுபிடிப்பது? நாலு நாள் பார்ப்பார். ஐந்தாம் நாள் "எல்லாவற்றையும் அனுமதி" என்று அழுத்திவிடுவார். பிறகு அது பெயருக்குத்தான் பூட்டு.

பிரவுசரே மாறிவிட்டது

2005-ல் இருந்த நிலைமை இன்று இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 2008-ல் வந்த கூகுள் குரோம், ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு தனி அறைக்குள் அடைத்து இயக்கும் முறையைப் பரவலாக்கியது. 2018-ல் ஒரு தளத்தின் விவரம் இன்னொரு தளத்துக்குக் கசியாதபடி தடுப்புச் சுவர் மேலும் பலமாக்கப்பட்டது. திருடர்களுக்கு நீண்ட காலம் வாசலாக இருந்த 'பிளாஷ்' மென்பொருள் 2020 டிசம்பர் 31-டன் கைவிடப்பட்டது.

எனவே, புதுப்பித்து வைத்த போனில், ஒரு பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில் ஸ்கிரிப்ட் போனையே கைப்பற்றுவது மிக அபூர்வம். அதற்கு வேண்டிய திறமையும் செலவும் பெரிது. அவ்வளவு செலவு செய்பவர்கள் பத்திரிகையாளர்கள், அரசியல் பிரமுகர்கள் போன்றவர்களையே குறிவைப்பார்கள். அவர்களுக்குக் கடுமையான தடுப்பு அவசியம். 'டார்' பிரவுசரில் மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையை வைத்தால் ஸ்கிரிப்ட் முழுவதும் நின்றுவிடும். 2022-ல் ஆப்பிள் கம்பெனி ஐபோனில் கொடுத்த 'லாக்டவுன்' முறையும் இத்தகையவர்களுக்கானதே.

நம்மைப் போன்றவர்களிடம் திருட அவ்வளவு பாடு தேவையில்லை. ஒரு போன் அழைப்பு போதும். ஒரு பொய்யான அபராதச் செய்தி போதும். ஓ.டி.பி. எண்ணை நாமே வாயால் சொல்லிவிடுகிறோம். கோப்பை நாமே இறக்கிக்கொள்கிறோம். நண்பரின் 23 ஆயிரம் ரூபாய் போன வழி இதுதான். ஏ.பி.கே. கோப்பு என்பது தனி ஆப். அது பிரவுசருக்கு வெளியே இயங்குவது. பிரவுசரில் ஸ்கிரிப்டை அடைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நமக்கு எது போதும்?

எல்லா ஸ்கிரிப்டையும் அடைப்பது சாதாரண உபயோகிப்பாளருக்கு வேண்டியதில்லை என்பதே நமது கருத்து. அதில் கிடைக்கும் நன்மையில் பெரும்பகுதியைச் சுலபமான வழியில் பெறலாம்.

முதலாவது, போனையும் பிரவுசரையும் உடனுக்குடன் புதுப்பித்துக்கொள்ளுங்கள். இதற்குச் செலவு கிடையாது.

இரண்டாவது, விளம்பரத்தைத் தடுங்கள். முகம் தெரியாத ஸ்கிரிப்டுகளில் பெரும்பாலானவை விளம்பரத்தோடு வருபவை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. போலீசாரே, இன்டர்நெட்டில் தேடும்போது விளம்பரத் தடுப்பு உபயோகிக்கும்படி மக்களுக்கு யோசனை கூறினார்கள். ஆண்ட்ராய்டு போனில் பயர்பாக்ஸ் பிரவுசரைப் போட்டு, அதில் 'யுபிளாக் ஆரிஜின்' என்ற இணைப்பைச் சேர்க்கலாம். இரண்டும் இலவசம். ரயில் டிக்கெட் எடுப்பதையோ வங்கி வேலையையோ சாதாரணமாக இது தடுப்பதில்லை. ஏதாவது ஒரு தளம் மக்கர் செய்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை என்று வந்தாலும் சரி, அபராதம் என்று வந்தாலும் சரி.

நான்காவது, பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. "பணம் அனுப்புகிறேன், எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அவன் திருடன்.

ஐந்தாவது, வங்கித் தளத்தின் முகவரியைப் பாருங்கள். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. முகவரி அப்படி முடியாவிட்டால் ரகசிய எண்ணைப் போடாமல், கிளையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் மேலே பணம் போய்விட்டால், அந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யவேண்டும். வங்கிக்கும் தெரிவிக்கவேண்டும். இந்தியாவில் எந்த மாநிலத்தில் இருந்தாலும் எண் ஒன்றுதான். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறிக்கொண்டிருக்கும்.

நமது நண்பர் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் புகார் கொடுத்தார். பணம் இன்னும் வந்தபாடில்லை. மகளின் கட்டணத்தைச் சீட்டுக்கட்டிய பணத்தை எடுத்துக் கட்டினார்.

ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. படித்தவர்களும் ஏமாறுகிறார்கள். சொல்லாமல் மறைத்த அந்த இரண்டு நாள்தான் அவருக்கு உண்மையான நஷ்டம்.