ஊசியை எறியாதீர்கள், ஒப்படையுங்கள்!



ஆஸ்பத்திரிக் குப்பை நமக்கென்ன என்று நினைக்கிறோம். தோட்ட ஆஸ்பத்திரியைக் கூட்டி அள்ளுவது யார்? நம்ம லயத்து ஆள்தானே!

வைத்தியசாலைக் குப்பையில் 100க்கு 85 பங்கு வீட்டுக் குப்பை போன்றதே என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிச்சம் 15 பங்கில்தான் ஆபத்து: இரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, ஊசி, பிளேடு, பழைய மருந்து. இரண்டையும் கலந்தால் எல்லாமே ஆபத்தாகிவிடும். அதற்காகவே நிறம் பிரித்திருக்கிறார்கள்.

மஞ்சள் – தொற்றுள்ள கழிவு.
சிவப்புக் கோடு போட்ட மஞ்சள் பெட்டி – ஊசி, பிளேடு.
கறுப்பு – சாதாரண குப்பை.

நோயாளியைப் பார்க்கப் போனால் சோற்றுப் பார்சல் தாளை மஞ்சள் வாளியில் போடாதீர்கள்.

ஊசிக்கு ஏன் தனிப் பெட்டி? ஈரலைத் தாக்கும் 'ஹெபடைடிஸ் பீ' கிருமி, உடம்புக்கு வெளியே 7 நாளாவது உயிரோடு இருக்கும். ரிவர்ஸ்டன் காற்றும் மழையும் நமக்குத் தெரியாததா? குழியில் மூடாமல் போட்டது மறுநாள் கானில் கிடக்கும். பிள்ளைகள் எடுத்து விளையாடும். எரித்தாலும் பிளாஸ்டிக் உருகி நஞ்சுப் புகை வரும். ஊசி முனை அப்படியே இருக்கும்.

சீனி வியாதிக்கு வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் கவனிக்க:

1. போட்டு முடிந்த ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டாதீர்கள். கையில் குத்துவது அப்போதுதான்.
2. நேரே கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, போத்தலை இறுக்கி மூடி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.
3. முக்கால்வாசி நிறைந்ததும் கிளினிக்கில் கேட்டு ஒப்படையுங்கள்.

கிடந்த ஊசி குத்திவிட்டதா? பதற வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கவோ வாயால் உறிஞ்சவோ கூடாது. உடனே டாக்டரிடம் போங்கள். தேவையென்றால் ஹெபடைடிஸ் பீ தடுப்பூசியை 24 மணி நேரத்துக்குள் போடுவது நல்லது, எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். "இன்றைக்குப் பேர் போயிடுமே" என்று தள்ளிப்போடாதீர்கள். ஒரு நாள் பேரை விட உயிர் பெரிது.

பழைய மெத்தை என்று சொல்லி பிரித்தானியாவிலிருந்து கொழும்புக்கு வந்த கொள்கலன்களில் வைத்தியசாலைக் கழிவும் இருந்தது 2019இல் தெரியவந்தது. 2020 முதல் 2022 வரை அவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். நாடே வேண்டாம் என்று கப்பலேற்றியதை நாம் நம்ம கானில் போடலாமா?