வண்ணம் தீட்டட்டும் சின்னக் கைகள்!

மாலை நான்கு மணி. பால் வெட்டுக்கோ செம்பனைக் காட்டுக்கோ போய்த் திரும்பி, குளித்து, உலையை ஏற்றிவிட்டு இப்போதுதான் வாசற்படியில் உட்காருகிறீர்கள். "அம்மா, போன் குடும்மா" என்று உங்கள் நான்கு வயதுச் செல்வம் வந்து நிற்கிறது. கொடுத்தால் வீடு அமைதியாகிவிடும். உங்களுக்கோ உடம்பெல்லாம் வலி. கொடுத்துவிடுகிறீர்கள்.

தாய்மார்களே, உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த அரை மணி நேரத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தேன். ஒரு தாள், நான்கு வண்ணக் கட்டிகள், தாளில் பந்து உதைக்கும் ஒரு பையனின் கோட்டுப் படம். அவ்வளவுதான் செலவு!

"கிறுக்கிக்கொண்டிருந்தால் படிப்பு வந்துவிடுமா?" என்று கேட்பீர்கள். நேராக வந்துவிடாது. ஆனால் எழுதப் போகும் கை அங்கேதான் பழகுகிறது. இரண்டு மூன்று வயதில் பிள்ளை வண்ணக் கட்டியை உலக்கையைப் பிடிப்பதுபோல் கைமுட்டிக்குள் பிடிக்கும். பழகப் பழக, நான்கு ஐந்து வயதில், கட்டை விரலும் பக்கத்து இரண்டு விரல்களுமாகப் பிடிக்கக் கற்றுக்கொள்ளும். பென்சில் பிடிப்பதும் அப்படித்தானே? விரல் பழகாமல் முதலாம் ஆண்டுக்குப் போகிற பிள்ளைக்கு எழுத்தும் பாரம், பென்சிலும் பாரம். ஒரு வரி எழுதுவதற்குள் கை நொந்துவிடும்.

இங்கே ஒரு சிறு உபாயம். வண்ணக் கட்டி உடைந்துவிட்டால் வீசாதீர்கள். துண்டுக் கட்டியைக் கைமுட்டிக்குள் வைத்துப் பிடிக்க முடியாது. விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். ஆகவே, உடைந்த துண்டே நல்ல ஆசிரியர்!

பூவும் பட்சியும் இருக்க, விளையாட்டுப் படம் எதற்கு? காரணம் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்குத் திடல் தெரியும். அண்ணன்மார் காற்பந்து ஆடுவதையும், சாயங்காலம் பூப்பந்து அடிப்பதையும் அது பார்த்திருக்கிறது. தெரிந்ததைக் கண்டால் வாய் திறந்து பேசும். பேசினால் சொல் வளரும்.

படத்துக்கு எங்கே போவது? கடையில் வண்ணப் புத்தகம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் நாளிதழின் விளையாட்டுப் பக்கம் போதும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, பகல் வெளிச்சத்தில் சன்னல் கண்ணாடியோடு அழுத்திப் பிடியுங்கள். ஆள், பந்து, கம்பம் ஆகியவற்றின் வெளிக்கோட்டை மட்டும் கருப்பு மையால் தடிப்பாக வரையுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பெரிதாக ஒரே ஒரு பந்து போதும். ஆறு வயதானால் ஆட்டக்காரர், வலை, கூட்டம் எல்லாம் இருக்கலாம்.

பிள்ளை தீட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பேச்சுக் கொடுங்கள். காற்பந்துக் குழுவில் எத்தனை பேர்? 11. செப்பாக் தக்ரோவில் வலைக்கு ஒரு பக்கம்? 3. பூப்பந்தின் இறகுகளை எண்ணச் சொல்லுங்கள், 16 இருக்கும். சிலாங்கூர் சட்டை என்றால் சிவப்பும் மஞ்சளும். நம் தேசியக் குழுவுக்கு மஞ்சளும் கருப்பும். கணக்கும் வண்ணமும் ஊரும் ஒரே தாளில் வந்துவிடுகின்றன அல்லவா?

கதையும் சொல்லுங்கள். கோல் காவலர் படமென்றால், நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய ஆர். ஆறுமுகத்தைப் பற்றிச் சொல்லலாம். ஓட்டக்காரர் படமென்றால், 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை ஓடிய எம். ஜெகதீசனைப் பற்றிச் சொல்லுங்கள். அவர் டாக்டருமானார். விளையாடினால் படிப்பு கெடும் என்பவர்களுக்கு அவரே பதில்.

பெண் பிள்ளைகளுக்கு முக்கியமாக இதைச் செய்யுங்கள். பையனுக்குப் பந்துப் படம், பெண்ணுக்குப் பொம்மைப் படம் என்று பிரிக்க வேண்டாம். 1966-இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்ற எம். ராஜமணி ஒரு பெண். 2022-இல் சாலை விபத்தில் கழுத்தெலும்பு முறிந்தும் மீண்டு வந்து, 2023-இல் ஹாங்சோவ் ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் தங்கம் வென்ற எஸ். சிவசங்கரியும் ஒரு பெண். உங்கள் மகள் தீட்டும் தாளில் ஓடுகிறவளும் ஒரு பெண்ணாக இருக்கட்டுமே!

இனி, வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன்.

என் தங்கை மகனுக்கு அப்போது ஐந்து வயது. காற்பந்துத் திடல் படம் ஒன்றை மிக ஆசையாகத் தீட்டி என்னிடம் கொண்டுவந்தான். திடல் முழுக்கக் காவி நிறம். "புல்லுக்கு எவனாவது இந்த நிறம் அடிப்பானாடா?" என்று சிரித்துக்கொண்டே தலையில் ஒரு குட்டு வைத்தேன். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவன் அழவில்லை. தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு வண்ணக் கட்டியைத் தொடவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஒரு நாள், பச்சை மிளகாய் எடுத்துவரச் சொன்னாள் தங்கை. அவன் பழுத்த மிளகாயைக் கொண்டுவந்தான். மறுபடி சொன்னாள், மறுபடியும் அதுதான். அப்போதுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. கிளினிக்கில் வண்ணப் புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் அட்டைகளைக் காட்டிச் சோதித்தார்கள். சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்குச் சரியாகப் பிரிந்து தெரியவில்லை என்றார்கள்.

இது பிறவியிலேயே வருவது. பெரும்பாலும் தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருகிறது. மருந்தில்லை, ஆனால் பயப்படவும் வேண்டியதில்லை. படிப்பைத் தடுக்காது. ஆசிரியரிடம் சொல்லி வைத்தால் போதும். வண்ணக் கட்டிகளில் பெயர் எழுதி ஒட்டினால் பிள்ளை படித்துப் பார்த்து எடுத்துக்கொள்ளும். இப்படி எளிதாக முடிந்திருக்க வேண்டியதை நான் ஒரு குட்டில் கெடுத்தேன். அவன் தவறாகத் தீட்டவில்லை. அவன் கண் கண்டதைத் தீட்டினான்.

ஆகவே அன்பர்களே, நீல நிறத்தில் புல்லோ பச்சை நிறத்தில் முகமோ கண்டால் சிரிக்காதீர்கள். "இது என்ன நிறம், சொல்லு கண்ணு" என்று கேளுங்கள். கற்பனையென்றால் கதை சொல்லும். அடிக்கடி பச்சையும் சிவப்பும் மாறினால் டாக்டரிடம் காட்டுங்கள். இடது கையால் தீட்டுகிற பிள்ளையை வலது கைக்கு மாற்றவும் முயலாதீர்கள். கோட்டைத் தாண்டினால் தாண்டட்டும். நாளாக நாளாக நிற்கும். கால் மணி நேரத்தில் சலித்துப்போனால் விட்டுவிடுங்கள்.

முடித்த படத்தின் பின்னால் பெயரும் தேதியும் எழுதி, நாட்காட்டிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். அப்பா வேலை முடிந்து வந்ததும் பார்த்து, "இந்தப் பந்தை யாரப்பா உதைத்தது?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். பிறகு பிள்ளையைக் கையோடு திடலுக்குக் கூட்டிப் போங்கள். தாளில் தீட்டிய பந்தை அது காலாலும் உதைக்க வேண்டும்.

என் மருமகன் இப்போது பள்ளிக் குழுவின் கோல் காவலன். சென்ற தீபாவளிக்கு அவனுக்கு ஒரு பெட்டி வண்ணப் பென்சில் வாங்கிக் கொடுத்தேன், ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை என் கையாலேயே எழுதி. "எனக்கு வயசாயிடுச்சு மாமா" என்று சிரித்தான். ஆனாலும் வாங்கிக்கொண்டான்.