கும்மிடிப்பூண்டி லைன் – 14: அக்காவுக்கு வயது 13

போன வாரம் எண்ணூரில் நிறுத்தியிருந்தேன். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும்; வெளிநாட்டு ஸ்பான்சர்களுக்கு நம் பிள்ளைகள் எழுதிய கடிதங்களை உட்கார்ந்து ஆங்கிலமாக்கிக் கொடுத்தவர்களைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அவர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும். அதற்கு முன்னால் 12 வயதையும் 13 வயதையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாலு நாளாக அது மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

எண்ணூர் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர், அடுத்தது அத்திப்பட்டு என்று இரண்டு ஸ்டேஷன்கள். ‘சிட்டிசன்’ படத்தில் மேப்பிலிருந்தே காணாமல் போகும் ஊர் இதுதானா என்று வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். அது அத்திப்பட்டி, கதைக்காகப் படைத்த ஊர். இந்த அத்திப்பட்டைச் சுற்றி வடசென்னை அனல் மின் நிலையம், வல்லூர் அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி. கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, இறால் குறைந்து, தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும் மீனவர்களுக்கும் பிழைப்பு தேய்ந்த கதையை ஏற்கெனவே எழுதியாயிற்று. இங்கே ஒரு பிள்ளை பத்தாவதோடு நிற்பதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. காண்ட்ராக்ட் வேலைக்கு ஆள் ஏற்றும் வேன் தெருமுனைக்கே வந்துவிடும்.

புதுநகரில் நான் சந்தித்த பெண்ணுக்கு இப்போது முப்பதைத் தாண்டிய வயது. பி.காம். முடித்து, கன்டெய்னர் கிடங்கு ஒன்றின் அலுவலகத்தில் பில் போடுகிறார். சின்ன வயதில் அவர் ‘புராஜெக்ட் பிள்ளை’. சர்ச் வளாகத்தில் நடந்த சென்டரில் சேர்த்து, கடல் கடந்த யாரோ ஒரு குடும்பம் மாதாமாதம் பணம் கட்டி, பள்ளிக் கட்டணம், சீருடை, சாப்பாடு, டாக்டர் செக்கப், சாயங்கால டியூஷன் என்று பார்த்துக்கொள்ளப்பட்ட பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். எந்தச் சபை, எந்த சென்டர் என்பதெல்லாம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பிளாஸ்டிக் ஃபைலிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினார். ஸ்பான்சர் அனுப்பிய கிஃப்ட் பணத்தில் வாங்கிய பொருட்களோடு எடுத்து, வாங்கியதற்கு அத்தாட்சியாக அனுப்பிய படத்தின் இன்னொரு பிரதி. அரிசி மூட்டை, எவர்சில்வர் குடம், குக்கர், ஒரு ஜோடி ஷூ. நடுவில் இரட்டைப் பின்னலோடு இவர். இடது ஓரத்தில் குக்கரைப் பிடித்திருக்கும் ஒரு கை மட்டும் தெரிகிறது. முழங்கைக்கு மேல் படம் வெட்டுப்பட்டிருக்கிறது.

“அது எங்கக்கா சார். ஸ்பான்சர் பிள்ளை மட்டும்தான் படத்துல வரணும்னு தள்ளி நிக்கச் சொன்னாங்க. எனக்கு எட்டு வயசு. அதுக்குப் பதிமூணு ஆயிடுச்சு, எடுக்க மாட்டோம்னுட்டாங்க. தெனமும் என்னைக் கூட்டினு போய் உட்டுட்டு, முடியற வரைக்கும் வெளிய படிக்கட்டுலயே குந்தினு இருக்கும்.”

அக்கா எட்டாவதோடு நின்றுவிட்டார். இப்போது கேன்டீன் ஒன்றில் சமையல் வேலை. ஒரே கூரை, ஒரே அப்பா அம்மா, ஒரே சாம்பல் காற்று. ஒருவர் மட்டும் சென்டரின் வாசலுக்கு உள்ளே, ஒருவர் வெளியே.

இந்த வாசல் கணக்கைத்தான் மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த புரூஸ் வைடிக், பால் கிளெவி, லேன் ரட்லெட்ஜ். உலகத்தில் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்படி ஸ்பான்சர் பணத்தில் வளர்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்தப் பணம் உண்மையிலேயே பிள்ளையை வறுமையிலிருந்து மேலே கொண்டுவருகிறதா என்பதற்கு உருப்படியான சான்று இல்லாமல் இருந்தது. பத்திரிகை விளம்பரத்தில் சிரிக்கும் பிள்ளையின் படம் சான்றாகாது. சென்டருக்குப் போன பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டாலும் போதாது. தன் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று ஓடிய அம்மா, சென்டரே இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளையை எப்படியாவது படிக்க வைத்திருப்பாள். அப்படியிருக்க, படித்தது அம்மாவாலா ஸ்பான்சராலா என்று எப்படிப் பிரிப்பது?

அங்கேதான் இந்தப் பதின்மூன்று வயது விதி கைகொடுத்தது. கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு புதிதாக ஓர் ஊரில் சென்டர் தொடங்கும்போது, 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளைத்தான் சேர்த்தது. 13 ஆகிவிட்டால் இல்லை. குடும்பம் எவ்வளவு ஏழை என்பதோ, பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை என்பதோ அந்தக் கோட்டை நகர்த்தாது. பிறந்த தேதிதான் நகர்த்தும். ஆகவே உள்ளே போன தம்பி தங்கைகளை, கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுபோன அண்ணன் அக்காக்களோடு ஒப்பிடலாம். அம்மா ஒருத்தியே என்பதால் அம்மாவின் அக்கறை இரண்டு தட்டிலும் சமம்.

கூர்மையான வாசகர் உடனே கேட்பார்: ஏழை வீட்டில் மூத்தது படிப்பை விட்டு வேலைக்குப் போவதும், இளையது படிப்பதும் சகஜம்தானே? அதையும் விடவில்லை. சென்டரே வராத பக்கத்து ஊர்களிலும் போய், அங்கே மூத்ததற்கும் இளையதற்கும் படிப்பில் எவ்வளவு இடைவெளி என்று எடுத்து, அதைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தை ஸ்பான்சர் கணக்கில் எழுதினார்கள். இந்த இடத்தை நான் படித்தது ராத்திரி பதினொரு மணிக்கு. அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. எத்தனையோ நலத்திட்டங்களுக்கு நாம் இந்த அளவு நேர்மையான கணக்குப் போட்டதே இல்லை.

பொலிவியா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பிலிப்பைன்ஸ், உகாண்டா என்று ஆறு நாடுகள். 10,144 பேரின் விவரங்கள். அதில் 1,860 பேர் பிள்ளைப் பருவத்தில் ஸ்பான்சர் பெற்று, ஆய்வு நடந்தபோது வளர்ந்த ஆளாக இருந்தவர்கள். 2013இல் ‘ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எகானமி’ இதழில் வெளியான முடிவு இது: ஸ்பான்சர் கிடைத்த பிள்ளை சராசரியாக 1.03 முதல் 1.46 ஆண்டு வரை கூடுதலாகப் படித்தது. மேல்நிலைப் பள்ளி முடிப்பவர்கள் நூற்றுக்கு சுமார் 44 பேர் என்றிருந்த இடத்தில், மேலும் 11 முதல் 16 பேர் வரை முடித்தார்கள். வளர்ந்த பிறகு அலுவலக உத்தியோகத்துக்குப் போகும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் கூடியது. ஒன்றேகால் வருஷம்தானா என்று தோன்றலாம். அத்திப்பட்டில் ஒன்பதாவதில் நிற்பதற்கும் பத்தாவது பாஸ் என்று எழுதுவதற்கும் இடையில் இருப்பதே அந்த ஒரு வருஷம்தான். கிடங்கு வேலைக்கு விண்ணப்பம் போட்ட எவரும் அதன் விலையைச் சொல்வார்கள்.

பணம் மட்டுமா இதைச் செய்தது? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு பிள்ளைக்கான தொகை, இந்தியாவில் இந்தத் திட்டம் முடிந்த காலத்தில், மாதம் 38 டாலர். அன்றைய மதிப்பில் 2,500 ரூபாய் சொச்சம். ஆனால் பிள்ளை சென்டரில் இருந்தது வாரத்துக்கு எட்டு மணி நேரம், சராசரியாக ஒன்பது வருஷத்துக்கும் மேல். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 4,000 மணி நேரம். பரீட்சை எப்போது, கண்ணாடி மாற்றியாயிற்றா, ஏன் மூன்று நாளாக வரவில்லை என்று பெயர் சொல்லிக் கேட்கிற ஒரு பெரியவர் அத்தனை மணி நேரமும் அங்கே இருந்தார். புதுநகர்ப் பெண்ணிடம் ஸ்பான்சர் பெயரைக் கேட்டபோது கொஞ்சம் யோசித்தார். சென்டர் மிஸ்ஸின் பெயர் யோசிக்காமல் வந்தது. “வயசுக்கு வந்தப்போ பள்ளிக்கூடம் நிறுத்திடலாம்னு அம்மா சொல்லுச்சு. மிஸ் வீட்டுக்கே வந்து ஒக்காந்துட்டாங்க.”

அதே ஆய்வாளர்களில் வைடிக்கும் கிளெவியும் ஃபில் ராஸ் என்பவரோடு சேர்ந்து பிறகு இந்தோனேசியாவின் ஜகார்த்தாவுக்குப் போனார்கள். சேரிப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் 24 கலர் பென்சில் கொண்ட புதுப் பெட்டியைக் கொடுத்து, உன்னையே வரை என்றார்கள். மனக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளை தன்னை எப்படி வரையும் என்பதற்கு உளவியலில் சில அடையாளங்கள் உண்டு. தாளின் மூலையில் மிகச் சின்னதாக வரைவது, முகத்தில் கண்ணோ வாயோ இல்லாமல் விடுவது, அடர்ந்த கறுப்புத் தீற்றல் போன்றவை. அவற்றை எண்ணிப் பார்த்ததில், ஸ்பான்சர் பெற்ற பிள்ளைகளின் படங்களில் நம்பிக்கை கூடுதலாகவே தெரிந்தது. புதுநகர் டியூஷன் அறை ஒன்றின் சுவரில் பிள்ளைகள் வரைந்து ஒட்டிய படங்களைப் பார்த்தேன். இரண்டு மலை, நடுவில் சூரியன் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் வரைகிற அதே படம்தான். ஒரு பிள்ளை மட்டும் மலைக்குப் பக்கத்தில் சிவப்பும் வெள்ளையும் பட்டை அடித்த புகைபோக்கியைச் சேர்த்திருந்தது. பட்டைகள் ஸ்கேல் வைத்து அளந்தது போல இருந்தன.

கடல் கடந்து பணம் அனுப்பிப் பிள்ளையைப் படிக்க வைப்பது அமெரிக்காவில் நேற்று முளைத்த யோசனையும் இல்லை. பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரியைத் தெரியாதவர் உண்டா? தென்னிந்தியப் பெண் கல்வியின் பழைய வாசல்களில் ஒன்று அது. அந்தச் சாராள் தக்கர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. உடல் ஊனத்தோடு இங்கிலாந்தில் வாழ்ந்தவர். சகோதரர் ஜான் தக்கர் சென்னையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலாளராக இருந்தார். அவர் வழியாகத் தெரிந்துகொண்ட திருநெல்வேலிப் பெண்பிள்ளைகளுக்காகச் சாராள் தன் தோழிகளிடம் பணம் திரட்டினார். 1857இல் அவர் மறைந்த பிறகு பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1895இல் அது கல்லூரியானது. சாராள் மறைந்து நூறு வருஷம் கழித்து, 1959இல், ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரத்துக் கிறிஸ்தவர்கள் சிலர் இந்தியப் பிள்ளைகளுக்கு உதவவென்றே ‘கிண்டர்நோட்ஹில்ஃப’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தென்னிந்தியத் திருச்சபையின் போர்டிங்குகளில் படித்து, ஜெர்மன்காரருக்குக் கிறிஸ்துமஸ் கார்டு எழுதிய ஒருவராவது நம் ஒவ்வொருவருக்கும் தெரிந்தவர்களில் இருப்பார்.

கம்பாஷன் கதை கொரியாவில் தொடங்குகிறது. போர் நடந்துகொண்டிருந்த 1952இல் அங்கே போன எவரெட் ஸ்வான்சன் என்ற போதகர், விடியற்காலையில் துப்புரவுப் பணியாளர்கள் லாரியில் வாரிப்போட்ட கந்தல் மூட்டைகளைக் கிட்டப் போய்ப் பார்த்தார். குளிரில் விறைத்துச் செத்துப்போன அநாதைப் பிள்ளைகள். அவர் ஊர் திரும்பித் தொடங்கியதுதான் இந்த அமைப்பு. 1968இல் இந்தியாவுக்கு வந்தது. இங்கே உச்சத்தில் 589 சென்டர்கள், ஏறத்தாழ 1,45,000 பிள்ளைகள். பணத்தைப் பெற்றுப் பிரித்துக் கொடுத்த கருணா பால் விகாஸ் என்ற அறக்கட்டளை நம் சென்னையில்தான் இருந்தது.

மதமாற்றத்துக்கு அந்நியப் பணம் வருகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பு மறுத்தது. 2016 மே மாதம் உள்துறை அமைச்சகம், முன் அனுமதி இல்லாமல் கம்பாஷனிடமிருந்து யாரும் பணம் பெறக் கூடாது என்று பட்டியலில் வைத்தது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி வரைக்கும் பேசிப் பார்த்தும் ஒன்றும் நடக்கவில்லை. 2017 மார்ச் 15 அன்று 48 வருஷ வேலை மூடப்பட்டது. வேர்ல்டு விஷன் இந்தியாவுக்கும் 2024 ஜனவரியில் வெளிநாட்டு நிதி பெறும் உரிமம் ரத்தானது. அதன் தலைமையகமும் சென்னைதான்.

என் கருத்தை ஒளிக்கவில்லை. சென்டர்களில் ஜெபம் உண்டு, பைபிள் கதை உண்டு. கம்பாஷன் கிறிஸ்தவ அமைப்பு. அந்த அடையாளத்தை அது மறைத்ததும் இல்லை. ஏழைப் பிள்ளைக்குச் சோறு போடுகிறவர் தன் சாமியையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்பது நியாயமான கேள்வி. தவறு நடந்தால் பிடிக்க அரசுக்கு ஆள் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தணிக்கை இருக்கிறது. ஆனால் 1,45,000 பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டுவதற்கு முன்னால் அவர்கள் அடுத்த மாதம் எங்கே உட்காருவார்கள் என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும் மரபு நமக்கு இருந்தது. அத்திப்பட்டுக்குப் பக்கத்துத் துறைமுகத்துக்குப் பெயராக நிற்கிற காமராஜர்தான், பசித்த பிள்ளை படிக்காது என்று மதிய உணவைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனவர். 2022இல் காலை உணவும் வந்தது. 2021இல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தெருவிலேயே ஒரு அக்கா சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுத்தார், புராஜெக்ட் சென்டருக்கு மிகக் கிட்டத்தில் வந்த அரசுத் திட்டம் அதுதான். அந்தத் தன்னார்வலருக்குச் சம்பளத்தை உயர்த்தி, ஒரே பிள்ளையை ஒன்பது வருஷம் தொடர்ந்து பார்க்கச் சொன்னால் டாலரே வேண்டாம். அதில் வயதுக் கோடும் போட வேண்டாம்.

புதுநகர்ப் பெண் தன் சம்பளத்தில் ஒரு பகுதியை அக்கா மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்டுகிறார். பெண் இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். இந்த வருஷக் கட்டணத்தில் பாதி கட்டியாயிற்று, மீதி பொங்கல் போனஸில்.

பக்கம் முடிந்துவிட்டது என்று ஆசிரியர் குழுவிலிருந்து போன் வந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர்கள் அடுத்த வாரம் கட்டாயம் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் மீஞ்சூரில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வெளிநாட்டு நிதிச் சட்டம் 1976இல் எமர்ஜென்சி காலத்தில் எப்படி வந்தது, 2010இலும் 2020இலும் எப்படி இறுகியது என்பதையும் அங்கேயே வைத்துச் சொல்கிறேன்.

(தொடரும்)