மூடுபயிருக்கு யூரியா போடலாமா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்காச்சோளமும் சோயாவும்தான் பிரதானப் பயிர்கள். இலையுதிர்காலத்தில் அறுவடை முடிந்தால், அடுத்த வசந்தம் வரை நிலம் வெறுமனே கிடக்கும். பயிர் எடுத்தது போக மண்ணில் மிஞ்சிய தழைச்சத்து அப்போது நைட்ரேட்டாகக் கரைந்து, வயலுக்கு அடியில் புதைத்த வடிகால் குழாய்கள் வழியே ஆற்றில் கலக்கிறது. அந்த ஆற்றுநீரைக் குடிக்கும் தலைநகர் டி மொயின், நைட்ரேட்டைப் பிரித்தெடுக்கத் தனி நிலையமே வைத்திருக்கிறது. 2025 ஜூனில் அதுவும் திணறியதால், புல்வெளிக்குத் தண்ணீர் விடத் தடை போட்டார்கள்.

இந்த இழப்பைத் தடுக்கத்தான் ‘ரை’ என்ற குளிர்தாங்கும் தானியத்தை, வெறும் நிலத்தை மூடிவைக்கும் மூடுபயிராக விதைக்கிறார்கள். தக்கைப்பூண்டைப் போலக் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்க்கும் பயிரல்ல இது. மண்ணில் மிஞ்சியதை உறிஞ்சிப் பிடித்துவைப்பதே இதன் வேலை. அதற்கே யூரியா போட்டால் விதைத்த நோக்கம் கெட்டுவிடும். செசபீக் விரிகுடாவை இதே மாசிலிருந்து காக்க மூடுபயிருக்கு மானியம் தரும் மேரிலாந்து மாநிலம், மானியம் பெறும் வயலில் இலையுதிர்கால உரத்தை அனுமதிப்பதில்லை.

சிக்கல் வருவது அடுத்துவரும் மக்காச்சோளத்துக்கு. வசந்தத்தில் ரையைக் களைக்கொல்லி தெளித்து அழிக்கிறார்கள். நுண்ணுயிர்கள் அதை மட்கவைக்க, 24 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து இருந்தால் போதும். இளம் ரையில் ஏறக்குறைய அந்த விகிதம் இருக்கும். பூக்கும் பருவத்திலோ கரிமம் 37 பங்காகிவிடும். பற்றாக்குறையை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால், மக்காச்சோள நாற்று மஞ்சளடிக்கிறது.

தீர்வு, உரத்தைக் கூட்டுவதில் இல்லை. இடும் நேரத்தில் இருக்கிறது. மக்காச்சோளம் விதைப்பதற்கு 10 முதல் 14 நாள் முன்பே ரையை அழித்துவிட வேண்டும். மொத்தத் தழைச்சத்தில் ஏக்கருக்கு 14 முதல் 23 கிலோ வரை விதைப்பின்போதே இட்டு, மீதியைப் பின்னர் மேலுரமாகத் தரலாம். சோயாவுக்கு இந்தக் கவலை இல்லை. தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பகுதியை அதுவே வேர்முடிச்சில் தேடிக்கொள்கிறது. அதனால், மூடுபயிருக்குப் புதிதாக வரும் விவசாயிகள் சோயாவுக்கு முன் ரை விதைத்துப் பழகுவது நல்லது.

ரைக்கே உரமிடுவது ஒரு நிலையில் மட்டும் பொருந்தும்: அதை மாட்டுத் தீவனமாக அறுப்பதாக இருந்தால், வசந்தத்தில் இடும் தழைச்சத்து மகசூலாகத் திரும்பும். அப்போது அது மூடுபயிர் என்ற நிலையைத் தாண்டி, வருமானப் பயிராகிவிடுகிறது.