வாசலில் ஒரு புங்க மரம்

மே மாதம் மாலை நாலு மணிக்கு நாகபுரியில் வீட்டின் மேற்குச் சுவரை உட்புறமாகத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? தோசைக்கல் மாதிரி இருக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு பத்து மணிவரை நம் மேல் இறக்கும். கூலருக்குத் தண்ணீர் ஊற்றி ஊற்றி இடுப்பு விட்டுப் போகும். அந்தச் சுவருக்கு ஒரு மர நிழல் இருந்தால் பாதிக் கஷ்டம் தீரும். எந்த மரம், எங்கே என்பதில்தான் பலர் தவறு செய்கிறோம். அதில் அடியேனும் ஒருவன். அனுபவத்தை எழுதினால் நம் சங்கத்து அன்பர்களில் நாலு பேருக்காவது உதவும் என்று தோன்றியது.

நான் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்தவன். ஆம்லா, வர்தா, பல்லார்ஷா என்று குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக வாழ்ந்தேன். எங்கும் ஒரு மரம் வைத்ததில்லை. "இன்னும் இரண்டு வருஷத்தில் மாற்றல் வரும், ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்விடுவோம், பிறகு எதற்கு?" என்பதே என் வாதம். ஊருக்குப் போகவில்லை. பிள்ளைகள் இங்கே படித்தார்கள், 2004-ல் இங்கேயே சிறிய மனையில் வீடு கட்டினோம். இது நம்மில் பலர் கதைதான்.

வீடு முடிந்ததும் என் மனைவி, "மேற்கே ஒரு புங்கங்கன்று வையுங்கள்" என்றாள். அவள் ஊரில் கிணற்றடியில் புங்க மரம் உண்டு. நான் கேட்கவில்லை. சிவப்புப் பூவுக்கு ஆசைப்பட்டு, சுவரிலிருந்து ஆறே அடி தள்ளி ஒரு குல்மோகர் வைத்தேன்.

சுவர் சொன்ன பாடம்

விதர்ப்பத்தில் பல இடங்களில் கரிசல் மண். மழையில் ஊறி உப்பும். கோடையில் காய்ந்து சுருங்கி, கை நுழையும் அளவு வெடிக்கும். பெரிய மரம் கட்டடத்தை ஒட்டி இருந்தால், அதன் வேர் கோடையில் அஸ்திவாரத்தடி ஈரத்தையும் உறிஞ்சிவிடும். மண் ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுருங்கும். அஸ்திவாரம் அந்தப் பக்கம் இறங்கும்.

2015-ல் படுக்கையறைச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல். விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டில் பதித்து வைத்தேன். பாலங்களில் நாங்கள் செய்யும் பழைய சோதனைதான். அடுத்த மே மாதம் கண்ணாடி உடைந்திருந்தது. பாலத்தின் கல் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் ஆய்வுக் குறிப்பில் தவறாமல் எழுதியவன், சொந்த வீட்டுச் சுவரடியில் மரம் வளர்த்திருந்தேன்! அந்த வருஷம் மழைக்கு முந்தைய சூறைக்காற்றில் பெரிய கிளை ஒன்று முறிந்து பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் மேல் விழுந்தது. ஆள் இல்லாதது கடவுள் புண்ணியம்.

வெட்டுவதும் எளிதல்ல. மகாராஷ்டிராவில் 1975-ம் வருட நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டப்படி, நம் காம்பவுண்டுக்குள் இருக்கும் மரத்துக்கும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும். வளர்ந்த மரத்தை ஒரேயடியாக எடுத்தால், கரிசல் மண் மீண்டும் ஈரம் வாங்கி உப்பி, வேறு விரிசல் வரலாம். அனுமதி வாங்கி, படிப்படியாகக் கிளைகளைக் குறைத்து எடுத்தேன். வைக்கும்போது யோசிக்காததற்கு வட்டியோடு கட்டினேன்.

எங்கே வைப்பது?

கோடையில் மாலைச் சூரியன் மேற்கிலும் சற்று வடமேற்கிலும் இறங்குகிறது. ஆகவே நிழல் மரம் அந்தத் திசைகளில் இருக்கட்டும். தெற்கைத் திறந்து விடுங்கள். டிசம்பரில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து ஏறத்தாழ 45 டிகிரி உயரத்தில் நிற்கும். குளிர்கால வெயில் வயதானவர்களுக்கு மருந்து.

கரிசல் மண்ணில், மரம் முழுதாக வளர்ந்தால் என்ன உயரமோ, அவ்வளவு தூரம் சுவரிலிருந்து தள்ளி வைப்பது பாதுகாப்பான கணக்கு. சிறு மனையில் அது நடக்காது. அப்போது உயரம் குறைந்த மரமாகத் தேர்ந்தெடுத்து, வேலி ஓரமாக, முடிந்தவரை தள்ளி வையுங்கள். செப்டிக் டேங்க், சாக்கடைக் குழாய், தலைக்கு மேல் போகும் மின்கம்பி மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மரம்?

புங்கம்: இங்கே நர்சரியில் 'கரஞ்ச்' என்று கேளுங்கள். கோடைத் தொடக்கத்தில் இலை கொட்டும். ஆனால் சில வாரங்களில் பளபளவென்று புதுத் தளிர் வந்து, கடும் வெயிலில் அடர்ந்த நிழல் தரும். வறட்சி தாங்கும். ஆடு மாடு அதிகம் தொடாது.

வேம்பு: 'கடுநிம்ப்'. நிழலுக்கு ராஜா. ஆனால் உயரமும் பரப்பும் பெரியது. விசாலமான மனைக்கே ஏற்றது.

மகிழம்: 'பகுள்'. வருஷம் முழுதும் பச்சை, வாசனைப் பூ, கிளைகள் உறுதி. மெதுவாக வளரும், பொறுமை வேண்டும்.

சரக்கொன்றை: 'பஹாவா'. அழகுக்கு வையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பூ நிறைந்திருக்கும், இலை குறைந்திருக்கும். நிழலுக்கு அதை நம்ப வேண்டாம். குல்மோகரும் கோடையில் இலை உதிர்ப்பதுதான். 'அசோகா' என்று விற்கும் ஊசி மரம் நம் நெட்டிலிங்கம். வரிசைக்கு அழகு, நிழல் இல்லை. ஆல், அரசு கோயிலுக்கும் குளக்கரைக்கும் உரியவை, வீட்டுக்கு வேண்டாம்.

வைத்த பிறகு

இரண்டு மழை நன்றாகப் பெய்த பின் நடுங்கள். மூன்றடிக்கு மூன்றடி குழி வெட்டி, எடுத்த மண்ணோடு மணலும் மக்கிய எருவும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். பிண்ணாக்கு கரையானுக்கு எதிரி. ஒரு கம்பு நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். அடியில் சிறு துளையிட்ட மண்பானையைப் பக்கத்தில் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பினால், அது மெல்லக் கசிந்து வேருக்குப் போகும். முதல் இரண்டு கோடைதான் கவனம். பிறகு மரம் தன்னைப் பார்த்துக்கொள்ளும். அடிமரத்தைச் சுற்றி மூன்றடிக்காவது சிமெண்ட் போடாதீர்கள். உதிர்ந்த இலையை எரிக்காமல் அங்கேயே போடுங்கள்; ஈரம் காக்கும்.

2017 மழைக்காலத்தில் வேலியோரம் ஒரு புங்கங்கன்று வைத்தோம். அடுத்த வருஷம் நான் ஓய்வு பெற்றேன். இன்று மாலை காபியை அதனடியில்தான் குடிக்கிறோம். மேற்குச் சுவர் இப்போது கை சுடுவதில்லை. "2004-லேயே வைத்திருந்தால்..." என்று மனைவி ஆரம்பித்தால், காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லி நழுவிவிடுகிறேன்.

அன்பர்களே, ஊருக்குப் போகிறோமா, இங்கேயே இருக்கிறோமா என்ற கேள்விக்குப் பதில் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். நாம் போனாலும் அடுத்து வருபவர் அந்த நிழலில் உட்காரட்டும். மரத்தடியில் விழுந்த விதைகளைப் பையில் போட்டு முளைக்க வைத்திருக்கிறேன். மழைக்கு முன் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறேன். வேண்டியவர்கள் எடுத்துச் செல்லலாம். ஒரே நிபந்தனை: சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்!