கொங்குப் புதர்க்காடுகள்: வகைப்பாடும் வரைபடமும்

மரங்கள் அடர்ந்து நிற்காமல் முட்செடிகளும் குறுமரங்களும் புல்லும் கலந்து வளரும் நிலம் புதர்க்காடு எனப்படும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில், ஆண்டுக்குச் சுமார் 600 முதல் 700 மி.மீ. மழை பெறும் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டச் சமவெளிகளிலும் குன்றுகளிலும் பரவலாகக் காணப்படுவது இதுவே. கொங்குப் பேச்சில் ‘காடு’ என்றால் மானாவாரி வயல். முள்ளும் கல்லுமான குன்று ‘கரடு’. நூல்களில் வரும் காடு வேறு என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

உழாமல் விட்ட நிலத்தில் முதலில் புல்லும் எருக்கும் ஆவாரையும் வரும். பிறகு விராலி, இலந்தை, விடத்தேரை போன்ற புதர்கள். இடையூறு இல்லாவிட்டால் வெள்வேலும், அரப்புத்தூள் தரும் உசிலையும் தலையெடுக்கும். இதைப் பாடநூல்கள் தாவர வழிமுறை வளர்ச்சி என்கின்றன. விறகு வெட்டும் ஓயாத ஆட்டு மேய்ச்சலும் இருந்தால் வளர்ச்சி புதர் நிலையிலேயே நின்றுவிடும். ஆனால் மண் ஆழமில்லாத பாறைக் கரட்டில் யாரும் தொடாவிட்டாலும் புதர்தான் நிற்கும்.

வகைப்படுத்துவோருக்கு இங்கேதான் சிக்கல். ஹாரி சாம்பியன் 1936இல் தொகுத்து, எஸ். கே. சேத்துடன் சேர்ந்து 1968இல் திருத்திய பட்டியலே வனத்துறையில் இன்றும் அடிப்படை. அதன் 16 பெரும் பிரிவுகளில் ஆறாவது வெப்பமண்டல முட்காடு. அதில் ‘6ஏ/சி1’ என்பது தென்னக முட்காடு. ‘6ஏ/டிஎஸ்1’ என்பது தென்னக முட்புதர். ‘சி’ என்றால் தட்பவெப்பத்துக்கு உரிய உச்ச நிலை, ‘டிஎஸ்’ என்றால் சீரழிந்த நிலை. பெயரிலேயே சீரழிவு இருப்பதால், இயல்பான புதரையும் கெட்டுப்போன காடாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இந்திய வன ஆய்வு நிறுவனம் மரக்கவிகை 10 விழுக்காட்டுக்கும் குறைந்த வன நிலத்தைப் ‘புதர்’ என்று தனியே வைக்கிறது. காட்டுப் பரப்பில் சேர்ப்பதில்லை. தரிசு நில வரைபட நூலிலோ புதர் நிலம் தரிசில் சேர்கிறது. தரிசு என்று குறித்த இடத்தில் ஆலையும் மனைப்பிரிவும் வருவது எளிது. ஆனால் அவிநாசிப் பக்கம் வெளிமான் மேய்வதும், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூரை ஒட்டித் தேவாங்கு வாழ்வதும் இத்தகைய வறண்ட நிலங்களில்தான். தேவாங்குக்காக 2022இல் அங்கு சரணாலயமே அறிவிக்கப்பட்டது.

செயற்கைக்கோள் படத்தில் ஒரே நிறமாகத் தெரியும் புதர், தரையில் இறங்கிப் பார்த்தால் பலவாகப் பிரியும். காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரத்துக் கொரங்காடு நல்ல எடுத்துக்காட்டு. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல். காங்கேயம் மாடும் செம்மறியும் மேயத் தலைமுறைகளாகப் பேணப்படும் தனியார் மேய்ச்சல் நிலம் இது. வெள்வேல் நெற்றும் ஆட்டுக்குத் தீவனம். இதைத் தரிசு என்று குறிப்பது வெறும் பிழையல்ல, உழவரின் உழைப்பைக் காணாமல் விடுவது. நேர்கோட்டு வேலிகளைக் கொண்டு படத்திலேயே இதை ஓரளவு அடையாளம் காணலாம்.

சீமைக் கருவேலத்தைப் பிரிக்க வேறு வழி உண்டு. கோடையில் நாட்டுப் புதர்களில் பெரும்பாலானவை இலை உதிர்க்கும். இது பசுமையாக நிற்கும். ஆகவே மழைக்குப் பின் எடுத்த படத்தையும் ஏப்ரல் மாதப் படத்தையும் ஒப்பிட வேண்டும். 10 மீட்டர் நுணுக்கமுள்ள சென்டினல்-2 படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

வரைபடத்துக்கு ஆண்டு குறிப்பது கட்டாயம். ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் சப்பாத்திக்கள்ளி பெரும்பரப்பை அடைத்திருந்தது. 1926இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த கொச்சினீல் பூச்சி சில ஆண்டுகளில் அதை அழித்தது. அதற்கு முன் வரைந்த படம் பிறகு பொருந்தியிருக்காது.

வரலாற்று இடங்களிலும் இந்த வேலை தேவைப்படுகிறது. 1805இல் தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட சங்ககிரி மலைக்கோட்டை போன்ற இடங்களில் ‘புதர் அகற்றுதல்’ என்று மொத்தமாக வெட்டுவது தவறு. மதில் இடுக்கில் வேர்விடும் ஆல், அரசக் கன்றுகள் கல்லைப் பிளக்கும். அவற்றை எடுக்க வேண்டும். சரிவில் நிற்கும் விராலியும் காரையும் மண்ணைப் பிடித்து வைப்பவை. எது எங்கே என்று குறித்த படம் இருந்தால்தான் வெட்டுபவருக்கு வேறுபாடு தெரியும். இதற்கு மரத்துக்கு 10 மீட்டர், புதருக்கு 5 மீட்டர், புல்லுக்கு 1 மீட்டர் பக்கமுள்ள சதுரங்களைக் கயிற்றால் அளந்து, உள்ளே உள்ள இனம், எண்ணிக்கை, உயரம் ஆகியவற்றை எழுதிக்கொள்வார்கள். கல்லூரி மாணவர் குழு ஒன்று ஓரிரு நாளில் ஒரு சிறு கரட்டுக்கு இதைச் செய்துவிடலாம்.