நொய்யலும் நுண்துகளும்

கொங்கு நாட்டுக்கு வளம் தந்த ஆறுகளுள் நொய்யலும் ஒன்று. மேற்கு மலைத் தொடரைச் சேர்ந்த வெள்ளியங்கிரி மலைச் சாரலில் அது தோன்றுகிறது. பேரூரைத் தொட்டு, கோயம்புத்தூர் நகரின் தென்புறமாகச் சென்று, திருப்பூரின் நடுவே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியுடன் கலக்கிறது. காஞ்சிமாநதி என்பது அதன் பழம்பெயர். அவ்வாற்றின் குறுக்கே சிற்றணைகள் கட்டி, நீரைக் குளங்களில் நிரப்பி, அக்குளங்களால் கிணறுகளில் ஊற்றுப் பெருகச் செய்து வாழ்ந்தனர் நம் முன்னோர்.

காந்திபுரத்தில் பேருந்து ஏறிக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் திருப்பூரை அடையலாம். பின்னலாடைத் தொழிலால் உலகப் புகழ் பெற்ற ஊர் அது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில் அது. ஆயினும், அப்புகழுக்காக நொய்யல் கொடுத்த விலை மிகப் பெரிது.

பருத்தித் துணி வண்ணம் பெற வேண்டுமாயின் அதனைச் சாயத்தில் தோய்த்தல் வேண்டும். நீரில் நனைந்த பருத்தி இழை எதிர்மின் தன்மை உடையது; பருத்திக்கு இடப்படும் சாயமும் அத்தன்மையதே. ஆதலின் இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கத்தைக் குறைப்பதற்காகச் சாயத் தொட்டியில் உப்பை மிகுதியாகக் கொட்டுவர். அவ்வாறு செய்தும் சாயம் முழுவதும் துணியில் பற்றுவதில்லை. பற்றாத பகுதியும், சேர்த்த உப்பும், அலசிய நீரோடு வெளியேறுகின்றன. இவ்வாறு வெளியேறிய கழிவு நீர் பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது.

திருப்பூருக்குக் கீழே, ஒரத்துப்பாளையம் என்னும் ஊரில், பாசனத்துக்கென ஓர் அணை கட்டினர். 1992ஆம் ஆண்டில் அது பயனுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் அவ்வணை சாய நீர் தேங்கும் தொட்டியாயிற்று. உப்பேறிய நீர் பாய்ந்த நிலம் இறுகியது; கிணற்று நீரும் கெட்டது. அணை நீரைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பதே உழவர் வழக்கம். இங்கோ, திறந்துவிடாதீர்கள் என்று உழவர் வேண்டினர்! இதனினும் வருந்தத்தக்க நிலை வேறு உண்டோ?

உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடலாகாது என்னும் நெறியை நீதிமன்றம் 2006ஆம் ஆண்டில் வலியுறுத்தியது. அந்நெறி நிறைவேறாமையால், 2011ஆம் ஆண்டு சனவரித் திங்களில், சாய ஆலைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நிலம் இழந்த உழவர் ஒருபுறம். வேலை இழந்த தொழிலாளர் மற்றொருபுறம். நீரைக் காவாத தொழில் இறுதியில் தன்னையும் காத்துக்கொள்ள இயலாது என்னும் உண்மையை அந்நாட்கள் அனைவர்க்கும் உணர்த்தின. பின்னர், கழிவு நீரை நுண்ணிய சவ்வுகளின் வழியே அழுத்திப் பிரித்தும், எஞ்சியதைக் காய்ச்சி உப்பாக்கியும், மீண்டும் பயன்படுத்தும் முறைகளைக் கைக்கொண்டு ஆலைகள் படிப்படியாக இயங்கலாயின. இம்முறைகளுக்கு மின்சாரமும் எரிபொருளும் மிகுதியாகச் செலவாகின்றன. எனவே, எளிய வழி உண்டா என்று அறிவியலார் தேடுகின்றனர்.

கலங்கிய நீரைத் தெளியவைக்கும் கலை தமிழர்க்குப் புதியதன்று. தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறம் தேய்த்து நீரை ஊற்றிவைப்பர். சிறிது நேரத்தில் சேறு அடியில் படியும். இவ்வழக்கம் கலித்தொகையிலேயே உவமையாக வந்துள்ளது. ஆனால், சாய நீருக்கு இது போதாது. ஏன்? சேறு நீரில் மிதப்பது. சாயமோ நீரில் கரைந்து நிற்பது. மிதப்பதை ஒன்றுசேர்த்துப் படியவைத்தல் எளிது. கரைந்ததை நீக்க வேண்டுமாயின், ஒன்று அதனை ஒரு பொருளின் மேற்பரப்பில் ஒட்டவைத்தல் வேண்டும்; அன்றேல், அதன் மூலக்கூற்றையே சிதைத்தல் வேண்டும். இவ்விரு பணிகளுக்கும் ஏற்றவை நானோ துகள்கள்.

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அவற்றுள் ஒரு பங்கே நானோமீட்டர் ஆகும். நம் தலைமயிரின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுடைய துகள்களையே நானோ துகள்கள் என்பர். இத்துணைச் சிறுமையால் வரும் நன்மை யாது? கற்கண்டுக் கட்டியினும் அதன் பொடி விரைவில் கரைவதை நாம் அறிவோம். பொடியாக்கும்பொழுது மேற்பரப்பு பெருகுவதே அதற்குக் காரணம். பக்கத்துக்கு 1 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே 1 நானோமீட்டர்க் கனசதுரங்களாக வெட்ட இயலுமாயின், அவற்றின் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டர் ஆகும். விரல் நுனியில் அடங்கும் பொருள் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் பரப்பாக விரிகிறது! சாயம் ஒட்டுவதற்கு எத்துணை இடம்!

இத்துகள்களை ஆக்குவதற்குக் கடுமையான வேதிப்பொருள்களைப் பயன்படுத்துவதுண்டு. நீரைத் தூய்மை செய்யவந்த பொருளே நஞ்சைக் கொண்டுவருதல் முறையாமோ? ஆதலின் இலைச்சாற்றால் அவற்றை ஆக்கும் வழியை நாடினர். அதற்குப் பசுமைத் தொகுப்பு முறை என்று பெயர். முன்னாளில் கடுக்காய்ச் சாற்றுடன் அன்னபேதி சேர்த்து எழுதுமை செய்தனர். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் அன்னபேதியிலுள்ள இரும்போடு சேர்ந்தமையால் கருமை தோன்றிற்று. பசுமைத் தொகுப்பிலும் தாவரத்தின் துவர்ப்புப் பொருள்களே துணைபுரிகின்றன. வேம்பு, முருங்கை, தேயிலை முதலியவற்றின் இலையை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டுவர். அச்சாற்றில் துத்தநாக உப்பைக் கலந்து சூடேற்றுவர். கிடைக்கும் குழம்பை உலையிலிட்டுச் சுடுவர். இறுதியில் துத்தநாக ஆக்சைடு வெண்பொடியாகக் கிடைக்கும். சாற்றிலுள்ள பொருள்கள், துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு பருத்துவிடாமல் காக்கின்றன.

அப்பொடி சாயத்தை எவ்வாறு சிதைக்கிறது? கதிரவன் ஒளியிலுள்ள புறஊதாக் கதிர் அதன்மேல் படும்பொழுது, துகளினுள் எலக்ட்ரான்கள் கிளர்ந்தெழுகின்றன. அவை நீரோடும் ஆக்சிஜனோடும் வினைபுரிவதற்கு வழிசெய்து, மிகுந்த வேகமுடைய ஹைட்ராக்சில் கூறுகளைத் தோற்றுவிக்கின்றன. அக்கூறுகள் சாய மூலக்கூற்றைத் தாக்கித் துண்டு துண்டாக்குகின்றன. வினை முற்றுப்பெற்றால் கரியமில வாயுவும், நீரும், எளிய உப்புகளுமே எஞ்சும்.

இதனை ஆய்வுக்கூடத்தில் காண்பதற்கு மெத்திலின் நீலம் என்னும் சாயத்தைப் பயன்படுத்துவர். அந்நீல நீரை மூன்று குவளைகளில் எடுத்துக்கொள்வர். முதற்குவளையில் பொடியை இட்டு வெயிலில் வைப்பர். இரண்டாவதில் பொடியை இட்டு இருளில் வைப்பர். மூன்றாவதைப் பொடியின்றி வெயிலில் வைப்பர். மூன்று எதற்கு? வெயிலே சாயத்தை ஓரளவு வெளுக்கும்; பொடி தன்மேல் ஓரளவு ஒட்டவைக்கும். அவ்விரண்டையும் கழித்த பின்னரே, ஒளியும் பொடியும் கூடிச் செய்த வேலையின் அளவு புலப்படும்.

நிறம் நீங்கிய நீர் தூய நீர் ஆகிவிடுமா? இங்கேதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். வினை பாதியில் நின்றால், நிறமற்ற துண்டுகள் நீரில் எஞ்சும். அவற்றுள் சில சாயத்தினும் கொடியவையாக இருத்தல் கூடும். நொய்யல் நிலத்தை இறுகச் செய்த உப்பை இப்பொடி சிறிதும் நீக்காது. மேலும், பயன்பட்ட துகள்களை மீட்டெடுக்காவிடில் அவை ஆற்றில் கலந்து மீன்களுக்கும் நுண்ணுயிர்களுக்கும் கேடு செய்யலாம். குவளையில் வென்றது ஆலையின் பெருந்தொட்டியிலும் வெல்லும் என்று உறுதி கூற இயலாது. கலங்கிய கழிவு நீருள் வெயில் ஆழமாகப் புகுவதில்லை அன்றோ?

எனினும், நம்பிக்கை இழத்தல் வேண்டா. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிரதீப்பும் அவர்தம் குழுவினரும் குடிநீரிலுள்ள பூச்சிக்கொல்லி நச்சையும் ஆர்சனிக்கையும் நீக்க நானோ பொருள்களைக் கண்டு, மக்கள் பயன்பாட்டுக்கும் கொண்டுவந்துள்ளனர். கோவைப் பல்கலைக்கழகங்களிலும் நானோ அறிவியல் ஆய்வுகள் நடைபெறுகின்றன. சாய நீருக்கும் ஏற்ற வழி நாளை இம்மண்ணின் மாணவர் ஒருவராலேயே காணப்படலாம்.

ஆயினும், எந்தப் பொடியும் பொறுப்புணர்ச்சிக்கு ஈடாகாது. கெட்ட நீரைத் திருத்துதல் அறிவு. நீரைக் கெடாமல் காத்தல் அதனினும் சிறந்த அறிவு. நாம் உடுத்தும் வண்ண ஆடை ஒவ்வொன்றிலும் ஓர் ஆற்றின் நீர் கலந்திருக்கிறது. அதனை நினைந்து நடத்தல் நம் கடமையாகும்.